கோமதி சொன்னது

பிப்ரவரி 12, திங்கள்

வந்து இரண்டு நாள். கோவில்பட்டியில் விமானத்துக்குக் கிளம்பும்போது வியர்த்தது. இங்கே வேல்ஸ் மலையில் மூக்கு நுனி மரத்துப்போகிறது. பிளஸ் டூ தேர்வு நெருங்கும் நேரத்தில் வேதியியல் டீச்சர் பத்து வாரம் விடுப்புக் கேட்டால் தலைமையாசிரியை என்ன செய்வார்? முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போகட்டும். கோமதிக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அம்மா போனபோது அவளுக்குப் பதினொன்று, எனக்கு இருபத்தாறு. தலை பின்னிவிட்டதிலிருந்து தாலி எடுத்துக் கொடுத்தது வரை நான்தான். இப்போது அவள் மகளுக்கு ஐந்து வாரம். மூக்கு மட்டும் கோமதி, மற்றதெல்லாம் அவள் கணவர் இசக்கிராஜ்.

இசக்கி காற்றாலைகளைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். காலை ஆறரைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வீடு பழைய பண்ணை வீடு, போன வருடம் வாங்கியது. அக்கம்பக்கம் என்றால் ஒரு வயலைத் தாண்டி மெகன் என்று ஆடு வளர்க்கும் அம்மாள் ஒருத்திதான்.

சமையலறையில் ஓர் அடுப்பு. பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கிறது. முழுக்க வார்ப்பிரும்பு, வெளியே பாலாடை நிறப் பூச்சு. இசக்கி அதைப் புதுக் காரைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

"மதினி, இத அணைக்கவே கூடாது. ராத்திரி பகல் எரிஞ்சுக்கிட்டே கெடக்கும்."

"அவ்வளவு கரிக்கு எங்க போறது?"

"காலைல ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. உள்ள இருக்க நெருப்பு சின்னதுதான். அந்தச் சூட்ட இரும்பு வாங்கி வச்சுக்கிடும். நாம கேக்கும்போது குடுக்கும்."

மேலே வட்டமூடியைத் தூக்கிக் கரி போட வேண்டும். கீழே ஒரு கம்பியை ஆட்டினால் சாம்பல் தட்டில் விழும். புகை பின்னாலுள்ள குழாய் வழியாகப் புகைபோக்கிக்குப் போய்விடுகிறது. கோமதி, "எங்கக்காவுக்குப் போய்ப் பாடம் எடுக்கீங்களே" என்று சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். இளைத்திருக்கிறாள், ஆனால் நன்றாகத்தான் இருக்கிறாள்.

பிப்ரவரி 14, புதன்

இந்த அடுப்பில் தீயைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பாத்திரத்தைத்தான் இடம் மாற்ற வேண்டும். மேலே இரண்டு தட்டுகள்: இடது தட்டில் தண்ணீர் கொதிக்கும், வலது தட்டில் மெல்லக் கொதி வரும். கீழே இரண்டு அறைகள்: மேலறை கருக்கும், கீழறை வேகவைக்கும். சோற்றை இடது தட்டில் ஒரு கொதி விட்டுக் கீழறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் முக்கால் மணி நேரத்தில் மல்லிகைப்பூ.

தட்டுகளின் மூடியைத் திறந்து வைத்தால் சூடெல்லாம் போய்விடும் என்று இசக்கி சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. வலது தட்டில் கல்லே இல்லாமல் நேராக மாவை ஊற்றி இருபது தோசை சுட்டேன். அருமையாக வந்தது. அப்புறம் அடுப்பு சாயங்காலம் வரை ஊமையாகிவிட்டது. குழம்பு கொதிக்கவே இல்லை. மூவரும் தயிர் சாதம் சாப்பிட்டோம். தயிர் மட்டும் அடுப்பின் ஓரத்தில் கல்லாக உறைகிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

வீட்டிலேயே சமையலறைதான் சூடு. தொட்டிலை அங்கே கொண்டுவந்துவிட்டேன். சுவரில் கணுக்கால் உயரத்தில் ஒரு சல்லடைத் துவாரம் இருக்கிறது. அதிலிருந்து குளிர்காற்று நேராகப் பாப்பா மேல் அடிக்கிறது. என் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து மடித்துச் செருகினேன். இப்போது அறை கதகதவென்று இருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

உளுந்தங்களி கிண்டினேன். கோமதி இரண்டு உருண்டை சாப்பிட்டாள். இசக்கிக்குத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலே தலை வலிக்கிறது என்று கேலியாகச் சொன்னார். "வேல பாத்துப் பழகின ஒடம்பு மதினி."

கூரை மேல் சாம்பல் கழுத்துக் காக்கைகள் இரண்டு சுள்ளி கொண்டுவருகின்றன. புகைபோக்கிக்குள் போடுகின்றன, வெளியே வருகின்றன, மறுபடி போடுகின்றன. வாசலிலும் சுள்ளி விழுந்து கிடக்கிறது. பாப்பாவுக்குக் காட்டினேன். அவளுக்கென்ன தெரியும்.

மார்ச் 2, சனி

கோமதி காலையிலிருந்து எரிந்து விழுகிறாள். பால் கொடுக்கும்போது கை நடுங்குகிறது.

"வீட்டுக்குள்ள இருந்தா தல கனக்குதுக்கா. வெளிய போனா சரியாப் போவுது."

பச்சை உடம்பு. தூக்கமில்லை. எனக்கும்தான் இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது. இங்கே டிகிரி காப்பி கிடையாது, வேறென்ன. வெந்நீர் போட்டு அவள் தலைக்கு ஊற்றினேன்.

மார்ச் 7, வியாழன்

அடுப்பு மந்தமாக எரிகிறது. கரி போட மூடியைத் தூக்கினால் ஒரு நெடி. இசக்கியிடம் சொன்னேன். புகைக்குழாயை வருடத்துக்கு இரண்டு முறை துடைக்க வேண்டுமாம். பாப்பா பிறந்த அலைச்சலில் விட்டுப்போயிற்றாம். ஆளுக்குச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில்தான் வருவார்களாம்.

கோமதி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "கேஸ் ஏதும் கசியுதாக்கா?"

"இது கரி அடுப்புடி. கேஸ் எங்கருந்து வரும்?"

பத்தொன்பது வருடமாகக் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 13, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. மதியம் மாடி அறையில் துணி காயப்போட்டுவிட்டு வந்தால் சமையலறையின் இரண்டு ஜன்னலும், வாசல் கதவும் விரியத் திறந்து கிடக்கின்றன. மழைச் சாரல் தொட்டில் வரைக்கும். கோமதி பாப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வயல் நடுவில் நிற்கிறாள். காலில் செருப்பில்லை.

ஓடிப்போய் இழுத்து வந்தேன். "பிள்ளைக்கு நிமோனியா வரணுமா?"

"உள்ள மூச்சு சரியில்லக்கா. பிள்ளையும் உள்ளதான் தொவண்டு போவுது. வெளிய பாரு, கண்ண முழிச்சிருக்கா."

"பிள்ளைன்னா தூங்கத்தான் செய்யும்."

"ஒனக்கும்தான தல வலிக்குது? சொல்லு. வலிக்குதா இல்லையா?"

"எனக்கு மூக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றேன்.

ஜன்னல்களைச் சாத்திக் கொக்கி போட்டேன். கோமதி தரையில் உட்கார்ந்து அழுதாள். என்னால் பார்க்க முடியவில்லை. அரிசி களைந்தேன்.

மார்ச் 15, வெள்ளி

குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதி வந்திருந்தார். கோமதி குளிக்கப் போனபோது, உங்கள் தங்கை எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் தனியாகக் கேட்டார். என் ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்த வீட்டைக் கண்டு பயப்படுகிறாள், காற்றில் ஏதோ இருக்கிறது என்கிறாள். முன்பு இப்படி இருந்ததுண்டா என்று கேட்டார். அம்மா செத்த வருடம் முழுக்க, அம்மா பின்கட்டில் இருமுவது கேட்கிறது என்று கோமதி சொல்வாள். அதையும் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இசக்கியிடம்கூட.

தாதி எழுதிக்கொண்டார். நல்லதற்குத்தான் சொன்னேன்.

மார்ச் 18, திங்கள்

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயாம், நிறையப் பேருக்கு வருவதாம். இசக்கி காரிலேயே அழுதுவிட்டார். எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. கவலைதான்.

மார்ச் 22, வெள்ளி

புதன்கிழமை கோமதி அடுப்பை அணைத்துவிட்டாள். நான் மாடியில் இருந்தபோது கரியையெல்லாம் இடுக்கியால் வெளியே வாரி முற்றத்தில் கொட்டியிருக்கிறாள். கையில் கொப்புளம்.

"இது எரியுத வரைக்கும் இந்த வீட்டுல மனுசன் இருக்க முடியாது. இத அணைச்சாத்தான் பிள்ள பொழைக்கும்."

இரும்பு உடனே ஆறிவிடவில்லை. சாயங்காலம் வரை வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் காலையில்தான் முழுக்கக் குளிர்ந்தது. அந்தக் காலையில் எனக்குத் தலைவலி இல்லை. நன்றாகத் தூங்கினேன் போலிருக்கிறது. இசக்கி விடுப்புப் போட்டுத் திரும்ப மூட்டினார். தட்டு சூடேற ஒரு முழுப் பகல் ஆயிற்று.

மார்ச் 24, ஞாயிறு

கோமதியை மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்கிற வார்டில் இடமில்லையாம். தாய் மட்டும் போனாள். பாப்பா என்னோடு.

காரில் ஏறும் முன் கோமதி கத்தவில்லை, அழவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன். பாப்பாவ அடுப்புப் பக்கத்துல மட்டும் போடாத. எனக்காக."

சரி என்றேன்.

மார்ச் 26, செவ்வாய்

மாடி அறை ஐஸ்பெட்டி. பாப்பாவின் பாதமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஒரு நாள் பொறுத்தேன். தொட்டிலைத் திரும்பச் சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 28, வியாழன்

கோமதி தேறிவிட்டாளாம்! தலைவலி இல்லை, நடுக்கம் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாளாம். வார்டுக்குப் போன நாலே நாளில் மாத்திரை இவ்வளவு வேலை செய்தது டாக்டர்களுக்கே ஆச்சரியமாம். இசக்கி போனில் சொன்னார். பிள்ளையாருக்குக் காசு முடிந்து வைத்தேன். மூன்று மணிக்கு வீடியோவில் பேசினாள், பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டுவிடப் போகிறாளே என்று போனை நெருக்கமாகப் பிடித்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

மூடுபனி. ஓர் இலை அசையவில்லை. தலைவலி. இசக்கி வார்டுக்குப் போயிருக்கிறார், அங்கிருந்தபடியே நாளைக் காலை வேலைக்குப் போய்விடுவார். பாப்பா இன்று சமர்த்து. அழவே இல்லை.

ஏப்ரல் 1, திங்கள்

பால் கரைக்கப் போனேன் எதற்குப் போனேன் என்று மறந்து நின்றேன். பாப்பா தூ

ஏப்ரல் 5, வெள்ளி

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். பேனா பிடிக்க முடிகிறது. நடந்ததை எனக்கு மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கே நினைவிருப்பது கொஞ்சம்தான்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கோமதி வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுத்தேன். அடுப்புக்கு முன்னால் நாற்காலியில், மடியில் பாப்பாவோடு இருந்தேன். என் பேச்சு குளறியிருக்கிறது. பாப்பாவின் கன்னம் செக்கச்செவேலென்று இருந்ததாம். "உள்ளங்கால்ல சுண்டு" என்று கோமதி சொல்ல, நான் சுண்டினேனாம். பாப்பா அசையவில்லை.

"கதவத் தொறக்கா! அவளத் தூக்கிட்டு வெளிய போ! எந்திரிக்கா!" அந்தக் குரல் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "இருடி, தூக்கம் வருது" என்றேன். எழுந்து போவதற்குக் கால் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

அவள் கத்தியதில் வார்டுத் தாதிகள் ஓடி வந்திருக்கிறார்கள். மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து அவளைப் படுக்கவைக்கப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் அவள் மெகனுக்குப் போன் போட்டுவிட்டாள். அடுத்த நிமிடம் போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். மெகன் போவாரா மாட்டாரா என்று தெரியாமலே ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறாள் என் தங்கை.

மெகன் நேற்று வந்து பார்த்தார். ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வயலில் வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கதவை உதைத்துத் திறந்து, முதலில் பாப்பாவை, பிறகு என்னைக் கக்கத்தைப் பிடித்து இழுத்து, ஈரப் புல்லில் போட்டாராம்.

"அவள் வார்டிலிருந்து சொன்னதை எப்படி நம்பினீர்கள்?" என்று கேட்டேன்.

"நம்புவதற்கு அதில் என்ன இருக்கிறது? போய்ப் பார் என்றாள். போய்ப் பார்த்தேன்" என்றார்.

ஏப்ரல் 8, திங்கள்

தீயணைப்புத் துறையினர் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். புகைபோக்கிக்குள் ஓர் ஆள் உயரத்துக்குச் சுள்ளிக் கூடு. புகைக்குழாயில் புகைக்கரி அடைப்பு வேறு. வெளியே போக வேண்டியது போக வழியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மார்க் கேள்வி. பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

சமையலறையில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருந்திருக்க வேண்டுமாம். இசக்கி வாங்கியிருக்கிறார், பிரிக்காத பெட்டியோடு கார் டிக்கியில் கிடக்கிறது. அதைச் சொல்லிவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தில் துணியும் அடைத்திருந்ததாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பாப்பா கண் திறந்து பார்க்கிறாள். பால் குடிக்கிறாள். மூளைப் படம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் இப்போது எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. தலை நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் குழந்தை டாக்டர். எத்தனை மாதம் என்று கேட்டேன். வருடம் என்றார்.

கோமதியை விட்டுவிட்டார்கள். பாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். நான் வாசலில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். மறுபடியும் பாப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 11, வியாழன்

அந்தத் துணியை அடைத்தது நான். என் சேலைதான். திங்கட்கிழமை எழுதும்போதே தெரியும். இன்று இசக்கியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கோமதிகிட்டச் சொன்னீங்களா மதினி?"

"இல்ல."

"அவளுக்குத் தெரியும்" என்றார். "தீயணைப்புக்காரங்க துணிய போட்டோல காட்டினாங்க. பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டா. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு நீங்க கட்டுன சேலையாமே."

ஏப்ரல் 15, திங்கள்

சமூகப் பணியாளர் என்று ஓர் அம்மாள் வந்தார். கோமதி பாப்பாவைத் தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டுமாம். ஏனென்றால் கோப்பில் மனநோய் என்று இருக்கிறது. வீட்டின் காற்றைப் பற்றி மாயநம்பிக்கை, சிறுவயதிலேயே இல்லாத குரல் கேட்ட வரலாறு. தகவல் சொன்னவர்: அக்கா.

நான் மனநல டாக்டரிடம் போனேன். அது தவறு, அழித்துவிடுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். அவரும் வருத்தப்பட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ஆனால் ஒருமுறை எழுதியதை அழிக்க யாருக்கும் அனுமதி இல்லையாம். அதற்குக் கீழே இன்னொன்றைச் சேர்க்கலாமாம்.

"நீங்களே எழுதிக் கொடுங்கள். கூட வைத்துவிடுகிறேன்" என்றார்.

ஏப்ரல் 17, புதன்

சனிக்கிழமை எனக்கு விமானம். அவர்கள் மூவரும் இசக்கியின் நண்பர் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறார்கள், நானும் அங்கேதான். மின்சார அடுப்பு. கோமதி சமைக்கிறாள். என்னிடம் வெங்காயம் உரிக்கக் கொடுக்கிறாள், பாப்பாவைக் கொடுப்பதில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று நாளாக எழுதிக் கிழித்து, இன்று மத்தியானம் ஒரு பக்கம் முடித்தேன். என் பெயர் செண்பகவல்லி, நான் கோமதியின் அக்கா, வேதியியல் ஆசிரியை. காற்றுத் துவாரத்தை அடைத்தது நான். என் தங்கை அந்த வீட்டின் காற்று சரியில்லை என்று பயந்தாள், அவள் பயந்தது சரி, நான் அதைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இப்படிப் போகிறது. கொடுக்கும் முன் கோமதியிடம் காட்டினேன்.

அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"பயந்தாள்னு போட்டிருக்க."

"ஆமா."

"நான் பயப்படலக்கா. சொன்னேன்."

பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தேன். மேலே "சொன்னாள்" என்று எழுதினேன். இரண்டாவது இடத்திலும் அடித்து எழுதினேன்.

"எத்தன தடவ சொன்னேன்னும் எழுது."

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, மார்ச் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கடைசி நாள் போனில் கத்தியதைச் சேர்க்காமல் எண்ணினேன்.

"அஞ்சு" என்றேன்.

அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஒம்போது" என்றாள்.

ஒன்பது என்று எழுதினேன்.